குட்டைக்குப் போர்த்திய சாக்கு

மைமூன் கரித்துண்டு எடுக்கத் தன் அடுப்பைப் பார்த்துக் குனிந்தாள். அடுப்பு இருந்த இடத்தில் அடுப்பு இல்லை. சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று, முழங்கால் உயரத்துக்குச் சேறு நின்றது. அதன்மேல் ஒரு அலுமினியத் தட்டும் பிள்ளையின் ரப்பர் செருப்பு ஒன்றும் கிடந்தன.

விறுவிறுவென்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி லூர்துவிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, சேறு நின்ற உயரத்துக்குச் சரியாகச் சுவரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள்.

"இது இன்னாண்ணா?" என்று கேட்டாள்.

நான் கோட்டைப் பார்த்தேன். அவளே பதில் சொன்னாள்.

"உன்னோட சேறு. இது வரிக்கும் வந்துகீது. அந்தக் குட்டைய மூடுற வரிக்கும் இந்தக் கோட்ட அழிக்க மாட்டேன். டெய்லி வந்து பாத்துக்கினு போ."

அவள் புருஷன் காதர் வாளியோடு வாசலில் நின்றான். என்னோடு ஒரே பலகையில் வேலை செய்தவன். "சவரி இன்னா பண்ணுவான் மைமூனு, பாவம்" என்றான்.

"லாரிக்காரன்கிட்ட கொட்டு, கொட்டுன்னு யாரு சொன்னது? நானா?" என்றாள் அவள்.

சொன்னது நான்தான்.

தப்பைக் கேட்டவள்

இந்தத் தொடரில் இதுவரை வந்த வாரங்களைப் படித்துவிட்டு என் மகள் ஸ்டெல்லா போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னாள்: "அப்பா, எல்லாக் கதையிலயும் நீங்க நல்லவராவே வர்றீங்க. வாழ்க்கையில ஒரு தப்புகூடவா பண்ணல?"

பண்ணியிருக்கிறேன் கண்ணு. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். நீயும் பீட்டரும் அப்போது சின்னப் பிள்ளைகள். குட்டைப் பக்கம் போகக் கூடாது என்று அம்மா அடித்தது மட்டும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உங்கள் இருவருக்காக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்ததுதான் இப்படி வாராவாரம் அச்சில் வருகிறது. வருடம், தேதி எல்லாம் என்னைக் கேட்காதீர்கள். எழுபதுகளில் பாதி தாண்டியிருக்கும். பல்லாவரம் சந்தையில் பிளாஸ்டிக் வாளி வாங்குவது பெரிய விஷயமாக இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரை மாதிரி தெரிந்தது

பம்மலில் நான் வேலை செய்த, தோல் பதனிடும் டேனரிக்குப் பின்பக்கம் அந்தக் குட்டை. டேனரியில் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவோம். பிறகு முடியைச் சுரண்டுவோம், சதையை எடுப்போம். அந்தத் தண்ணீர், முடி, சதைத் துணுக்கு, சுண்ணாம்புக் கசடு எல்லாம் வாய்க்கால் வழியாகக் குட்டையில் விழும். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே விழுந்துகொண்டிருந்தது.

இரண்டு கிரவுண்டு பரப்பு இருக்கும். சுற்றி இடுப்பு உயரத்துக்கு மண் கரை. மேற்குக் கரையை ஒட்டி ஒரு சந்து, சந்தில் ஏழெட்டு வீடுகள். காதர் வீட்டு அடுப்படிச் சுவர் கரையில் சாய்ந்த மாதிரியே இருக்கும். அங்கிருந்து நாலாவது வீடு நம்முடையது.

வெயில் காலத்தில் குட்டையின் மேல்பரப்பு காய்ந்து வெடித்து, உப்புப் பூத்து, பார்க்கத் தரை மாதிரியே இருக்கும். ஓரத்தில் புல்கூட முளைக்கும். ஒரு வருடம் ஒரு பசுமாடு அந்தப் புல்லை நம்பி நடந்து போனது. நாங்கள் கயிறு கொண்டு வருவதற்குள் கொம்பு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் ஊரில் சத்தம் போட்டார்கள். சுகாதார அதிகாரி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதிக்கொண்டு போனார். முதலாளி வேறு பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டினார். பழைய குட்டைக்குக் கழிவு விடுவது நின்றது. அதை மூட வேண்டியதுதான் பாக்கி.

மேனேஜர் வரதன் சார் என்னைக் கூப்பிட்டார். "சவரி, நீங்க அங்கயே குடியிருக்கீங்க. மண்ணைக் கொட்டினா தாங்குமா, பாத்துச் சொல்லுங்க."

மேனேஜர் என் அபிப்பிராயத்தைக் கேட்கிறார். அந்தப் பெருமையில் எனக்குத் தலை கால் தெரியவில்லை. தோல் காய்ந்ததா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற பழக்கத்தில், குட்டை ஓரத்தைக் குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. "காஞ்சிருக்கு சார், கொட்டலாம்" என்றேன்.

எந்தத் தோலும் ஓரத்தில்தான் முதலில் காயும், வயிற்றுப் பக்கம் கடைசியில்தான் காயும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பெருமை அதை மறைத்துவிட்டது.

பல்லாவரம் மலைப் பக்கமிருந்து லாரியில் கிராவல் வந்தது. கிழக்குக் கரையில் நின்று கொட்டினார்கள். முதல் லோடு உள்ளே போய் மறைந்தது. இரண்டாவதும் அப்படியே. "நல்லா சாப்பிடுது சார்" என்று நான் சிரித்தேன். லாரி டிரைவர் மணி கையை ஆட்டிக் கேட்கும்போதெல்லாம் "கொட்டு, கொட்டு" என்றேன்.

எத்தனாவது லோடு என்று நினைவில்லை. மேற்கே சந்திலிருந்து ஒரு பெண் கத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குட்டையின் அந்தப் பக்கம், மாவு பொங்கி வருகிற மாதிரி, மேலே எழும்பி நின்றது. நாங்கள் இங்கே போட்ட பாரம் அடியில் சேற்றை நெட்டித் தள்ளி அங்கே தூக்கியிருக்கிறது. நான் ஓடிப்போய்ச் சேருவதற்குள் கரை வெடித்து, காதர் வீட்டு அடுப்படிச் சுவரின் ஒரு மூலை உள்ளே விழுந்திருந்தது.

மைமூன் அப்போது வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையும் அவள் இடுப்பில் இருந்தது. அந்தக் கீரைக்காரியை நான் இன்றைக்கும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

காதர் அடித்த கிண்டல்

விழுந்த மூலையைச் செங்கல் வைத்து அடைத்தோம். வெடித்த கரைக்கு மண் மூட்டை அடுக்கினோம். ஆனால் குட்டை அப்படியேதான் இருந்தது. மேல்பரப்பு கிழிந்து, முன்னைவிடத் தளர்ந்துபோய். ஐப்பசி மழை வந்தால் தண்ணீர் ஏறும். கரை தாங்காது. மறுபடி மைமூன் அடுப்படி. அதற்கப்புறம் சந்து முழுக்க.

தினமும் வேலைக்குப் போகும்போது அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அவள் சொல்லிவிட்டாளே. மைமூன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். லூர்துவோடு பேசுவாள். லூர்து வழியாக எனக்குச் சொல்லி அனுப்புவாள். நான் எதிரே நின்றாலும் அப்படித்தான்.

எனக்கும் காதருக்கும் ஆணி அடிக்கிற வேலை. ஈரத் தோலைப் பலகையில் விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, சுற்றிலும் சின்ன ஆணி அடித்துக் காயவைக்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தலையில் ஒரு ஆணி. அடுத்தது நேரெதிரே வாலில். பிறகு வலது பக்கம் ஒன்று, எதிரே இடது பக்கம் ஒன்று. இப்படி மாறி மாறி எதிரெதிரே அடித்துக்கொண்டு வந்தால் தோல் சமமாக விரியும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போனால், இருக்கிற தொய்வு எல்லாம் எதிர்ப்பக்கம் போய்ச் சுருண்டு நிற்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. அதற்காக நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் தெரியுமா?

ஒரு நாள் மனசு எங்கேயோ இருக்க, நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். காதர் சுத்தியலை நிறுத்திவிட்டு என் பலகையைப் பார்த்தான்.

"இன்னா மச்சான், குட்டைல அடிச்ச மாதிரியே அடிச்சிக்கினு கீற?"

கீழே பார்த்தேன். ஒரே பக்கம் வரிசையாகப் பத்து ஆணி. எதிர்ப்பக்கம் தோல் புடைத்துக்கொண்டு நின்றது. கிழக்கே கொட்டக் கொட்ட மேற்கே எழும்பி நின்ற சேறு மாதிரியே.

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

"டேய் காதரு, எதிரெதிரே கொட்டணும்டா. தலையில ஒரு கூடை, வால்ல ஒரு கூடை."

"கொட்டுனா தோலு தாங்கும். சேறு இன்னாத்த தாங்கும்? கூடை உள்ள பூடும்."

"அப்ப குட்டைக்கு ஒரு தோல் போர்த்தணும்."

"இரு, மொதலாளிகிட்ட ரெண்டு கிரவுண்டு எருமை இருக்கான்னு கேட்டுக்கினு வரேன்" என்றான் காதர்.

அழுகாத சாக்கு

கோணிச் சாக்கு போட்டுப் பார்த்தோம். ஒரு ஓரத்தில் நாலு கோணியைத் தைத்து விரித்து வைத்தோம். பத்துப் பதினைந்து நாளில் கையால் எடுத்தால் பிய்ந்து வந்தது. முடியையே தின்கிற சுண்ணாம்பு, கோணியை விடுமா?

அந்தச் சமயத்தில்தான் சுண்ணாம்புக் குழி ஒன்றைத் தூர்வாரும்போது அடியிலிருந்து ஒரு வெள்ளைச் சாக்கு வந்தது. யூரியா உரம் வருகிற பின்னல் பிளாஸ்டிக் சாக்கு. அப்போது புதுசு. யாரோ எப்போதோ தவறவிட்டது. கழுவிவிட்டு நானும் காதரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். கிழியவில்லை. எழுத்துகூட அழியாமல் இருந்தது.

அதில் குட்டைச் சேற்றை அள்ளிப் போட்டு, வேப்ப மரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்டத் தெளிந்த தண்ணீர். சேறு உள்ளேயே நின்று, கைக்குக் கொஞ்சம் கெட்டியாகவே ஆகியிருந்தது. சேற்றைத் தடுக்கிறது, தண்ணீரை விடுகிறது. பாரம் வைத்தால் தண்ணீர் மேலே வந்துவிடும், சேறு அடியிலேயே இறுகும். எனக்கு இது போதும் என்று தோன்றியது.

வரதன் சாரிடம் போய்ச் சொன்னேன்.

"யூரியா சாக்கா? வெளியில சொல்லிடாதீங்க சவரி, சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார்."

அவர் பேனாவை மூடினார். "தீபாவளி வரைக்கும் டைம். அதுக்குள்ள முடியலன்னா, நான் லாரி விட்டு என் வழியில மூடிடுவேன். மழைக்கு முன்னாடி மூடணும்னு எனக்கு ஆர்டர்."

தாம்பரம் ரயிலில் ஒரு மூட்டை

சாக்குக்கு எங்கே போவது? தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் அப்போது ஏரிப் பாசனத்தில் நெல் வயல். அங்கேதான் யூரியா. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நானும் காதரும் தாம்பரத்தில் இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம்.

சும்மா கிடைக்கும் என்று நினைத்தேன். ஒருவரும் விடவில்லை. நெல் காயவைக்க வேண்டும், மாட்டுக்கு மழையில் போர்த்த வேண்டும், கூரை ஒழுகும் இடத்தில் செருக வேண்டும். செம்பாக்கத்தில் ஒரு அம்மா, வரப்பில் குனிந்திருந்த தன் வீட்டுக்காரரைக் காட்டினார். அவர் போட்டிருந்த அரைக்கால் சட்டையே யூரியா சாக்கில் தைத்தது. பின்பக்கம் எடை எழுதியிருந்தது.

"அதையும் கழட்டித் தரணுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

காதர் கொஞ்சமும் யோசிக்காமல், "வேணாம்மா, அது ரொம்ப சின்ன துண்டு" என்றான். வரப்பில் இருந்தவர்தான் முதலில் சிரித்தார். அவர்கள் வீட்டில் மட்டும் ஒரு கட்டு சாக்கு கிடைத்தது.

திரும்பும்போது மின்சார ரயிலில் கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில் மூட்டையோடு ஏறுவோம். ஒருமுறை டிக்கெட் பரிசோதகர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

"சாக்கு சார்."

"சாக்குக்குள்ள?"

"சாக்குதான் சார். எல்லாம் காலிச் சாக்கு."

"எதுக்கு?"

"குட்டைக்குப் போர்த்த சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

இரட்டைத் தையல்

சாக்கு சேர்ந்தது. தைக்க வேண்டும். சந்துப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மைமூனுக்குத் தையல் கை உண்டு. கல்யாணப் பந்தல் துணியெல்லாம் தைத்துக் கொடுப்பவள். நான் அவளைக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. அவளே கோணி ஊசியோடு வந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"லூர்துக்கா, உங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லுங்க. ஒத்தத் தையலு போட்டா நடுவுல பிச்சிக்கும். ரெண்டு சாக்கு ஓரத்தையும் ஒண்ணா சேத்து மடிச்சி, ரெண்டு வரிசை போடணும்."

நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். லூர்து என்னைப் பார்த்து, "கேட்டுச்சா?" என்றாள். கேட்டது என்றேன்.

சாக்குகளைப் பக்கவாட்டில் வெட்டி விரித்து, மீன் வலைக்குப் போடுகிற நைலான் நூலால் தைத்தார்கள். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சு நிற்கும், கை நிற்காது. ஒவ்வொரு தையல் முடிந்ததும் மைமூன் என்னையும் காதரையும் கூப்பிட்டு, எதிரெதிரே நின்று இழுக்கச் சொல்வாள். இழை விலகினால் அவளே பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்வாள். ஒரு தையலை மூன்று முறை பிரித்தாள். அது லூர்து போட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு அதிகம்.

தலை, வால், வலது, இடது

புரட்டாசிக் கடைசியில், தைத்து முடித்த சாக்குத் துணியை இழுத்தோம். கரை ஓரத்துக் கோரையெல்லாம் அறுத்துவிட்டு, கிழக்குக் கரையில் துணியைப் புடவை மடிப்பு மாதிரி மடித்து வைத்து, முனையில் மூங்கில் கட்டி, மேற்கிலிருந்து கயிறு போட்டு இழுத்தோம். சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது.

நான் தோல்காரன். துணி விறைப்பாக நிற்க வேண்டும் என்று இன்னும் இழு, இன்னும் இழு என்றேன். லூர்து கரையிலிருந்து கேட்டாள்: "தொட்டில் கட்டுறப்ப இப்படியா விறைப்பா கட்டுவீங்க? பாரம் எறங்குனா கிழியாதா?"

சரிதான். தோலில் பாரம் ஏறப்போவதில்லை, இதில் ஏறப்போகிறது. கயிற்றைத் தளர்த்தினோம். துணி சேற்றோடு சேறாக, தொய்வாகப் படிந்தது. கரையைச் சுற்றி முழங்கை ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, விளிம்பை உள்ளே மடித்துப் போட்டு, மண் தள்ளி மிதித்தோம்.

பிறகு மண். லாரி கிடையாது. கூடைதான். நடக்க மூங்கில் தட்டியும் பலகையும் போட்டோம். முதல் சுற்று ஆற்றுமணல், உயரம் ஒரு கை அகலத்துக்கு மேல் கூடாது. கரையை ஒட்டி ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி. எதிர்க்கரையில் கூடை தயாராகாமல் இந்தக் கரையில் கூடை கவிழ்க்கக் கூடாது.

திசை சொன்னால் யாருக்கும் பிடிபடவில்லை. எல்லோரும் தோல் வேலைக்காரர்கள். ஆகவே கிழக்கைத் தலை என்றேன், மேற்கை வால் என்றேன். தெற்கும் வடக்கும் வலது கால், இடது கால். நான் கரையில் நின்று "தலை" என்பேன், ஒரு கூடை. "வாலு" என்பேன், எதிரே ஒரு கூடை. சந்தில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னா சவரி, குட்டைய உரிக்கிறியா, அடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவசரக்காரர்களும் இருந்தார்கள். ஒருவன் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று ஒரே இடத்தில் நாலு கூடை கவிழ்த்தான். பத்தடி தள்ளித் துணி வயிறு மாதிரி உப்பியது. திட்டவில்லை. எல்லோருமாகக் குனிந்து, அந்த மணலைக் கையாலேயே வாரி எடுத்தோம். உப்பல் மெல்ல அடங்கியது. அதற்குப் பிறகு யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மணல் ஏற ஏறத் துணியின் கண் வழியாகத் தண்ணீர் கசிந்து மேலே வந்தது. அதை ஒரு மூலைக்கு வாய்க்கால் வெட்டி இறக்கி, சிமெண்டுத் தொட்டிக்கு இறைத்தோம். மூன்றாவது சுற்றில் நான் பலகையில்லாமல் ஓரத்தில் நின்று பார்த்தேன். கால் இறங்கவில்லை.

மணி அணைத்த லாரி

தீபாவளி வந்து போனது. நடுவில் ஒரு பெரிய அறை அளவுக்கு இன்னும் வெறும் துணிதான். அதற்கு மறுநாள் காலையிலேயே வானம் இருண்டு கொட்ட ஆரம்பித்தது.

வரதன் சார் குடையோடு வந்தார். பின்னால் கிராவல் லாரி. ஓட்டி வந்தது அதே மணி.

"டைம் முடிஞ்சுது சவரி. மழை வலுக்குது. கரையில நின்னு நடுவுல ரெண்டு லோடு தள்ளிட்டா ஃபினிஷ்."

"வேணாம் சார். மறுபடி மேற்க எழும்பும்."

"இவ்ளோ மண்ணு போட்டாச்சே, இன்னும் என்ன எழும்பும்? நகருங்க."

லாரி ரிவர்ஸில் வந்து கரையேறியது. நான் அதன் பின்பக்கம் போய் நின்றேன். மழையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இரண்டு பிள்ளை, வாடகை வீடு, வேறு தொழில் தெரியாது.

"வேலை வேணாமா உங்களுக்கு?" என்றார் மேனேஜர்.

"வேணும் சார். நான் ஒரு தடவ சொல்லி, அந்த வீட்டுல சேறு போயிருக்கு. ரெண்டாவது தடவ போகவிட மாட்டேன். நீங்க யாரை வேணா வச்சு மூடுங்க. ஆனா கூடையில மூடுங்க."

அவர் மணியைப் பார்த்து "டிப்பரைத் தூக்குப்பா" என்றார். மணி என்ஜினை அணைத்தான். கதவைத் திறந்து இறங்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான்.

"சார், போன தபா இவுரு கொட்டுன்னாரு, கொட்னேன். அந்தம்மா இன்னி வரிக்கும் என் மூஞ்சிய பாக்கல. இப்ப இவுரே வேணாங்கிறாரு. நான் கொட்ட மாட்டேன் சார். ரோட்டோரம் எறக்கறேன், கூடைல அள்ளிக்கட்டும்."

வரதன் சார் குடையைச் சாய்த்து, இருண்ட வானத்தைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதரில்லை. அவருக்கு மேலேயும் ஆள் இருந்தார்கள். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடியணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மணி கிராவலை ரோட்டோரம் இறக்கிவிட்டு, அவனே முதல் கூடையைத் தூக்கினான்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்

கரை நின்றது. அடுத்த நாள் சாயங்காலம் நடுவையும் மூடினோம். அந்த மழைக்காலம் முழுக்கச் சந்துக்குள் ஒரு சொட்டுச் சேறு வரவில்லை. தை மாதம் அதன்மேல் பசங்கள் கோலி விளையாடினார்கள்.

ஆனால் உங்களுக்கு நான் பொய் சொல்லக் கூடாது. நாங்கள் மூடினோமே தவிர, அடியில் இருந்தது அடியில்தான் இருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வந்தது அதற்குப் பிறகும் நிற்கவில்லை. இப்போது அந்தப் பக்கமெல்லாம் மனை போடுகிறார்கள். அந்த இரண்டு கிரவுண்டை யாராவது உங்களுக்கு மலிவாகச் சொன்னால், வாங்காதீர்கள். வாங்குகிறவர்களிடமும் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மழையில் சுண்ணாம்பு

இனி, அந்த லாரி நின்ற நாளுக்கே வருகிறேன். மணி கூடை தூக்கினானே, அதற்குச் சற்று நேரம் கழித்து.

மேற்குக் கரையைத் தொட்டுப் பார்த்தேன். ஊறிப்போயிருந்தது. நடுவில் இன்னும் வெறும் துணி. மைமூனையும் பிள்ளையையும் நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், சாமான்களையும் தூக்கிவிடலாம் என்று ஓடினேன். என்னோடு பேசாதவளிடம் எப்படிச் சொல்வது என்று வாசலிலேயே ஒரு கணம் தயங்கினேன். பிறகு உள்ளே போய்விட்டேன்.

அடுப்படியில் ஒரு பானையில் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தாள். ஸ்டூல்மேல் பிள்ளை உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தது. அவள் தென்னை மட்டை பிரஷ்ஷால் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். கரிக்கோட்டில் பாதி மறைந்துவிட்டது. மீதியின்மேல் கை போய்க்கொண்டிருந்தது.

"மைமூனு, இன்னும் மூடி முடிக்கலம்மா" என்றேன்.

"தெரியும்."

"கரை ஊறிக் கிடக்குது. பிள்ளைய எடுத்துக்கினு வீட்டுக்கு வா."

அவள் திரும்பவில்லை. பிரஷ்ஷைப் பானையில் நனைத்து, கோட்டின் அடுத்த முழத்தின்மேல் வைத்தாள்.

"இந்த மழையில சுண்ணாம்பு காயாதேம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"எனக்கு அவசரம் இல்லண்ணா. நீ லாரி பின்னால நின்னுக்கினு இருந்தியே, ஜன்னல்லேர்ந்து பாத்தேன்." கரைத்த சுண்ணாம்பு அவள் முழங்கை வரை வழிந்தது. "போய் கூடைய தூக்கு. இங்க நின்னு இன்னா பண்ற?"

வெளியே வந்தேன். காதர் கிழக்குக் கரையில் கூடையோடு நின்று, மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"மச்சான், இப்ப இன்னா? தலையா, வாலா?"

"தலை" என்று சொல்லிவிட்டு, நான் வாலுக்கு ஓடினேன்.